புங்கம்பள்ளத்துச் சுமைதாங்கி

கொழிஞ்சாம்பாறையில் இருந்து வேலந்தாவளம் போகிற ரோட்டில் இன்றைக்கு பஸ்ஸில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு அந்த ரோட்டைப் பற்றி என்ன தெரியும்? தாரைப் பார்த்துவிட்டு ரோடு என்கிறார்கள். தாருக்கு அடியில் ஜல்லி இருக்கிறது, ஜல்லிக்கு அடியில் செம்மண், அதற்கும் அடியில் வண்டிச் சக்கரமும் மாட்டுக் குளம்பும் கிழித்த பழைய தடம். அந்தத் தடத்தை எந்த இஞ்சினீயரும் போடவில்லை, சந்தைக்கு நடந்த மாடுகள் போட்டன. மாடு நேராகப் போகாது. மேட்டைக் கண்டால் சுற்றும், தண்ணீரைக் கண்டால் இறங்கும். அதனால்தான் எங்கள் ரோடும் ஊருக்குக் கிழக்கே புங்கம்பள்ளத்தில் இறங்கி, நனைந்து, மறுபடி ஏறிப் போனது.

மலபார் ஜில்லா மதராஸோடு இருந்த காலத்தில் ஜில்லா போர்டுக்காரர்கள் அதில் செம்மண் கொட்டினார்கள். பிறகு மாநிலம் பிரிந்தது. நாங்கள் பேசுகிற பேச்சு அப்படியே இருக்க, கேரளத்துக்காரர்கள் ஆகிப்போனோம். மைல்கல்லில் எழுத்து மாறியது, பள்ளம் மட்டும் மாறவில்லை. ஐப்பசி மழைக்கு அந்தப் பள்ளத்தில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும். இரண்டு சர்க்கார்களும் அதை வேடிக்கை பார்த்தன.

நான் சென்னியப்பன். அறுபத்தெட்டாம் வருடம் அந்தப் பள்ளத்தின் கரையில் ஒரு சைக்கிள் கடை போட்டேன். இறங்குகிறவனுக்கு பிரேக் போகும், ஏறுகிறவனுக்கு செயின் கழலும். கடை வைக்க அதைவிட நல்ல இடம் பாலக்காடு முழுக்கத் தேடினாலும் கிடைத்திருக்காது. அந்த இடத்தைக் காட்டிக் கொடுத்தது என் அப்பாவின் தங்கை பெரியம்மாள் அத்தை. அவள் வீடு பள்ளத்துக்கு மேற்கே, இரண்டு வயல் தள்ளி. நான் சொல்ல வந்தது அவளைப் பற்றித்தான். ஆனால் ரோட்டை விட்டுவிட்டு அவளைச் சொல்ல முடியாது.

என் கடைக்கு நேர் எதிரே ரோட்டோரத்தில் ஒரு சுமைதாங்கி நின்றது. இரண்டு கல்லை நட்டு அவற்றின் மேல் ஒரு நீளக்கல்லைக் குறுக்கே படுக்க வைத்திருந்தார்கள். ஆள் தோள் உயரம். தலைச்சுமையோடு வருகிறவன் அடுத்தவன் உதவி இல்லாமல் அதன் மேல் சுமையைத் தள்ளி வைத்துவிட்டு மூச்சு வாங்கலாம், மறுபடி தலையைக் கொடுத்துத் தூக்கிக்கொண்டு போகலாம். வயிற்றில் பிள்ளையோடு ஒரு பெண் செத்துப் போனால் அவள் பேரில் இப்படி ஒரு கல் நடுவது வழக்கம். இறக்கி வைக்காத சுமையோடு போனவள் அவள். வழிப்போக்கர்கள் அந்தக் கல்லில் ஒவ்வொரு சுமையாக இறக்க இறக்க, அவள் சுமையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும் என்பது நம்பிக்கை.

எங்கள் பள்ளத்துக் கல்லில் வெட்டியிருந்த பேர் கமலாத்தாள். அத்தையின் வீட்டுக்காரர், என் மாமன் மாரப்பனுடைய முதல் சம்சாரம். ஐம்பத்து மூன்றாம் வருடத்து ஐப்பசியில், எட்டாம் மாதம், வலி கண்டுவிட்டது. வேலந்தாவளம் கொண்டுபோய் அங்கிருந்து கார் பிடித்துக் கோயமுத்தூர் போய்விடலாம் என்று மாட்டு வண்டியில் ஏற்றினார்கள். கயிறு பிடித்தது மாமன்தான். வண்டி பள்ளத்துத் தண்ணீரில் இறங்கியதும் சக்கரம் சேற்றில் புதைந்து நின்றுவிட்டது. ஆள் திரட்டிச் சக்கரத்தைத் தூக்கி விடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த இடத்துக்குப் பக்கத்திலேயே, கரைமேட்டில் கல் நட்டார்கள்.

இரண்டு வருடம் கழித்து அத்தை அந்த வீட்டுக்கு இரண்டாந்தாரமாகப் போனாள். எங்கள் வீட்டில் பெண்கள் அதிகம், நிலம் கம்மி. மாரப்பன் வீட்டில் கிணறும் தோட்டமும் இருந்தன. அவ்வளவுதான் கணக்கு. மூத்தவள் இறந்துபோனது அத்தைக்குத் தெரியும், ரோட்டோரத்தில் கல்லாக நிற்பது தெரியாது. அவளுக்குப் படிக்கவும் தெரியாது.

கல்யாணமான பிறகு வந்த முதல் சந்தைக்கு மாமியாரும் மருமகளும் கத்திரிக்காய்க் கூடையோடு கிளம்பியிருக்கிறார்கள். பள்ளம் ஏறியதும் அத்தைக்குக் கழுத்து வலித்தது. கண்ணெதிரே சுமைதாங்கி. கூடையை அதன் மேல் தள்ளி வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பின்னால் வந்த மாமியார் போட்ட சத்தத்தில் பனைமரத்துக் காக்கை எல்லாம் பறந்ததாம்.

"அட பாதகத்தி! எடுடீ கூடைய! வழிக்குக் குடுத்த கல்லுடீ அது! ஊட்டுக்காரங்க சுமைய அதுல எறக்கக் கூடாது, கையில தொடவுங் கூடாது. நாமளே நம்ம சுமைய அவ தலையில ஏத்துனா அவளுக்கு எப்பத்தான் எறங்கும்?"

அது அந்த வீட்டு வழக்கம். நட்டதோடு நம் பாத்தியதை தீர்ந்தது, இனி அது வழியில் போகிறவர்களுக்கு. புது மருமகள் அன்றைக்குச் சந்தைக்குப் போகவில்லை. தலைக்குக் குளித்து, கல்லின் முன்னால் விளக்கு வைத்துவிட்டு, நேரே எங்கள் வீட்டுக்கு அழுதுகொண்டு வந்துவிட்டாள். "சக்களத்தி கல்லா நிக்கறாண்ணா! நா தெனமும் அவளத் தாண்டித்தான் போகோணும், அவளத் தாண்டித்தான் வரோணும்" என்றாளாம். "ஆறின கஞ்சி பழங்கஞ்சி. போகப் போகச் செரியாப் போயிரும், போ அம்முணி" என்று என் அப்பா திருப்பி அனுப்பி வைத்தார். பெண்ணைக் கட்டிக் கொடுத்தவர்கள் வேறு என்ன சொல்வார்கள்? எனக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் எரிச்சல்தான் வரும்.

சரியாகத்தான் போனது, ஆனால் அப்பா சொன்ன மாதிரி இல்லை. அத்தை அந்தக் கல்லோடு பேச ஆரம்பித்துவிட்டாள். நான் கடை போட்ட பிறகு என் காதாலேயே கேட்டிருக்கிறேன். தலையில் கடலை மூட்டையோ வெண்டைக்காய்க் கூடையோ இருக்கும். மேடேறி மூச்சு வாங்கும். ஊரில் உள்ளவர்கள் எல்லாம் கல்லில் இறக்கி வைத்து வெற்றிலை போடுவார்கள். இவள் மட்டும் நிற்காமல் போவாள். போகிற போக்கில் ஒரு வார்த்தை. "ஏனுக்கா, சொகமா நிக்கறயா? நில்லு நில்லு. எம்பட கழுத்து ஒடியுது, நீ நில்லு." திரும்பி வரும்போது அன்றைக்கு வெண்டைக்காய் என்ன விலை போனது என்றும் சொல்லிவிட்டுப் போவாள்.

பொறாமை இல்லை என்று சொன்னால் அது பொய். மாமியார்க்காரி சாகும்வரை மூத்தவளின் பெருமையைப் பாடிக்கொண்டே இருந்தாள். கமலா கோலம் போட்டால் அப்படி, கமலா களி கிண்டினால் இப்படி. "செத்தவ கண்ணு செந்தாமரைக் கண்ணு, பொழச்சிருக்கறவ கண்ணு பூளைக் கண்ணு" என்று அத்தை அடுப்படியில் இருந்தே திருப்பிக் கொடுப்பாள். மூன்றாவதாக ஒரு பெண் பிறந்தபோது கமலாத்தாள் என்று பேர் வைக்கச் சொன்னார்கள். முடியாது என்றுவிட்டாள். "பேரு வெச்சாக் கூப்புடோணும், கோவம் வந்தாத் திட்டோணும். செத்தவளத் தெனமும் திட்டச் சொல்றீங்களா?" என்றாள்.

ஆனால் அந்த மூன்று பிள்ளைகளையும் வயிற்றில் சுமந்த காலத்தில் அவள் பள்ளத்தைக் கடக்கும்போது பயந்தாள். அதை அவளே என்னிடம் சொன்னாள். கல்லுக்கு நேரே வந்ததும் நின்றுவிடுவாளாம். "வழி உடு அக்கா, என்னைய உன்ற மாதர ஆக்கிப் போட்டராத" என்று கும்பிட்டுவிட்டுத்தான் அடி எடுத்து வைப்பாளாம்.

மாமனைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் அவர் எருமை மாட்டு மேல் மழை பெய்த மாதிரி இருந்தார். நல்ல உழைப்பாளி. பேச்சு மட்டும் கடன் வாங்கிக்கூடப் பேச மாட்டார். வயலுக்கு நேர்வழி அந்தக் கல்லைத் தாண்டித்தான். அவர் குனிந்த தலை நிமிராமல் போவார். அத்தை பேசிப் பேசிக் கடந்த இடத்தை அவர் பேசாமலே கடந்தார்.

எழுபத்து நாலில் எங்கள் ரோட்டுக்கு யோகம் அடித்தது. இனிமேல் இது ஸ்டேட் ஹைவே என்றார்கள். லாரியில் ஜல்லி வந்தது, தார் டின் வந்தது, கடைசியில் பூமி அதிர ஒரு ரோடு ரோலரும் வந்தது. அதை ஓட்டிவந்த அமிர்தநாதன் நல்ல உயரம். உடும்பஞ்சோலைப் பக்கத்து ஏலமலைக்காரர், வேதக்காரர். எங்கள் "ஏனுங்க, வாங்க"வைக் கேட்டு, "என்னய்யா, உங்க ஊருல மாட்டுக்குக்கூட மரியாதை குடுப்பீக போலிருக்கே?" என்று கேலி செய்வார். ரோலர் சூடு ஆறும்வரை என் கடையில்தான் உட்கார்ந்திருப்பார். வேலையை மேற்பார்க்க வந்த ஓவர்சியர் சங்குண்ணி குட்டையான மனிதர். குடையைக் கக்கத்தை விட்டு எடுக்க மாட்டார். மலையாளத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பார்.

பள்ளத்தை மண் போட்டு மேடாக்கி, அடியில் தண்ணீர் போகக் குழாய் வைத்துப் பாலம் கட்டப் போகிறார்கள் என்று தெரிந்ததும் ஊரே கொண்டாடியது. அத்தைக்குத்தான் அதிக சந்தோஷம். "இனி ஒருத்தியும் இந்தச் சேத்துல சாக மாட்டா" என்று சொல்லி மண் சுமந்தவர்களுக்குப் பானையில் மோர் கொண்டுவந்து ஊற்றினாள். எனக்குத்தான் வயிற்றெரிச்சல். பள்ளம் போனால் என் பிழைப்பு என்ன ஆவது?

பிறகு முளைக்குச்சி அடித்துக் கயிறு கட்டினார்கள். சுமைதாங்கி நிற்கிற இடத்தில் மண் மூன்றடி ஏறும் என்று அப்போதுதான் தெரிந்தது. சங்குண்ணி மாமனைக் கூப்பிட்டு அனுப்பினார். கல்லைப் பிடுங்கி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள், வாசலில் போட்டால் உட்காரவாவது ஆகும் என்று நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். மாமன் "செரிங்க" என்றார். அத்தை விடவில்லை.

"குடுத்ததத் திருப்பி ஊட்டுக்குக் கொண்டாறதா? சோத்தப் போட்டுப்போட்டு எலையப் புடுங்கற கதையா இருக்குது! எங்க நட்டதோ அங்கயே இருக்கட்டும்" என்றாள். இருந்தது. நான்கு பக்கமும் மண் ஏறியது, ரோலர் ஓடியது. தோள் உயரத்தில் நின்ற கல் முட்டி உயரத்துக்கு இறங்கிவிட்டது.

அது என்ன ஆகும் என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அடுத்த சந்தை நாளில் தெரிந்தது. காலையில் அத்தை தலைச்சுமையோடு வருகிறாள். பொள்ளாச்சிப் பக்கத்து மாட்டுக்காரர்கள் மூன்று பேர், மாடுகளை ஓரமாக நிறுத்திவிட்டு, கமலாத்தாள் கல்லின் மேல் வரிசையாக உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருக்கிறார்கள். கூடையை அப்படியே ரோட்டில் போட்டாள். கத்திரிக்காய் உருண்டு ஓடியது.

"எந்திரிங்கடா! எந்திரிங்கங்கறேன்! உங்கொப்பனூட்டுப் பெஞ்சா அது?"

"ஏனுங்காத்தா, கல்லுதானுங்களே?" என்றான் ஒருவன், பாவம், பயந்துபோய்.

"கல்லா? புள்ளத்தாச்சிடா அவ! அவ மேல உக்காந்து பொகை உடறீங்களே, நல்லா இருப்பீங்களா?"

அவர்கள் ஓடிப்போனார்கள். ஆனால் முட்டி உயரத்தில் ஒரு கல்லைக் கண்டால் மனிதன் உட்காரத்தானே செய்வான்? பஸ்ஸுக்கு நிற்கிறவன் உட்கார்ந்தான், கள்ளு குடித்துவிட்டு வந்தவன் படுத்தே விட்டான். அத்தை வயல் வேலையைப் போட்டுவிட்டு வந்து வந்து விரட்டினாள். ஒரு நாள் கல்லின் மேல் முள்ளை வெட்டிப் போட்டாள். ஊர் வாயை உலைமூடியால் மூட முடியுமா? "மூத்தாளுக்கு எளையா காவலு" என்று சிரித்தார்கள்.

எனக்கும் அவள்மேல் கோபம் வந்தது. "உனக்கு வேற சோலியே இல்லயா அத்தே? ஊரே சிரிக்குது" என்று கேட்டே விட்டேன். கடைப் பலகையில் உட்கார்ந்தாள். அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

"உக்கார்றதுகோடப் போனாப் போகுதுடா சென்னியப்பா. இனி ஒருத்தரும் சுமை எறக்க முடியாதே! முட்டிக்குக் கீழ எறக்குனா மறுக்காத் தூக்கி உட ஆளு வேணுமே, எவன் எறக்குவான்? இருவது வருசமா இந்த ரோட்டுல போனவங்க எறக்கி எறக்கி அவளுக்கு எத்தன கொறஞ்சுதோ, இன்னும் எத்தன இருக்குதோ. பாதியில நின்னுபோச்சுதுன்னா அவ அப்படியே வவுத்தப் புடிச்சுட்டு நிக்கோணுமா? நா மூணு பெத்தவடா. அந்த வலி எனக்குத் தெரியும். எறங்காம நிக்கறது என்னன்னு நெனச்சாலே எனக்குத் தூக்கம் வர மாட்டேங்குது."

அமிர்தநாதன் அங்கேதான் டீ குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரைக் கீழே வைத்தார். "ஆத்தா, இதுக்கா அழுகுற? சங்கிலியப் போட்டு ரோலர்ல கட்டி இழுத்தா கல்லு மேல வந்திரும். இங்கிட்டு ரோட்டோரத்துலயே குழியத் தோண்டித் திரும்ப நட்டிரலாம். ஆனா ஓவர்சியர் சொல்லாம நான் கைய வச்சேன்னா என் வேலை போயிரும்" என்றார்.

சங்குண்ணியைக் கேட்டதற்கு, கல்லை நட்ட ஆள் வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும், இல்லாவிட்டால் நாளைக்கு யாராவது வந்து கல்லை எப்படித் தொட்டாய் என்று சண்டைக்கு நிற்பார்கள் என்றார். அதிலும் நியாயம் இருந்தது. நாளை மறுநாள் அந்த இடத்துக்குத் தார் வந்துவிடும், அதற்குள் முடிக்க வேண்டும் என்றும் சொன்னார்.

அன்று சாயங்காலம் அத்தை என்னையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். மாமன் களத்தில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். அத்தை நின்றபடியே விஷயத்தைச் சொன்னாள். நாளைக்கு வந்து ஓவர்சியரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றாள். மாமன் கயிற்றில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வேண்டாம் புள்ளே. உட்டுரு. மண்ணுக்குள்ள போனாப் போகட்டும்."

"ஏனுங்க, என்ன பேச்சுப் பேசறீங்க?"

"அன்னைக்கு வண்டி ஓட்டுனது நீயா? நானு. கொளத்தங்கரை மேல சுத்திப் போலாமுன்னு அவ வண்டிக்குள்ள இருந்து சொன்னா. நேரமாயிருமுன்னு நாந்தான் பள்ளத்துல எறக்குனேன். இருவது வருசமா வயலுக்குப் போறப்பவும் வரப்பவும் அந்தக் கல்லு என்னையக் கேக்குது. ரோடு மேல ஏறுனப்ப, செரி, இதோட முடிஞ்சுதுன்னு நெனச்சேன். எனக்குப் போதும் புள்ளே."

மாமன் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. இனி அத்தை ஒன்றும் சொல்ல மாட்டாள் என்று நினைத்தேன். அவள் சொன்னாள்.

"உங்குளுக்குப் போதும். அவளுக்குப் போதுமான்னு கேட்டீங்களா?"

மாமன் கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். நான் கிளம்பும்போது அத்தையிடம் "உட்டுரு அத்தே, அவுரு பாவம்" என்றேன். "அவுரு பாவந்தான். நா இல்லேன்னு சொல்லுல" என்றாள்.

மறுநாள் சந்தை. விடிந்ததில் இருந்து மாடுகள் போய்க்கொண்டிருந்தன. அத்தை வெறுங்கையோடு வந்து ரோட்டு நடுவில் சங்குண்ணியை மறித்தாள். நான் ஒரு சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு வேலை பார்க்கிற பாவனையில் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

"பர்த்தாவு வந்நில்லே?" என்று கேட்டார் சங்குண்ணி. வீட்டுக்காரர் வரவில்லையா என்று.

"அவுரு வரமாட்டாருங்க. நா சொல்றனுங்க. தூக்கி நட்டுக் குடுங்க சாமி."

"அம்மே, நீங்க சொன்னால் எங்ஙனே? மரிச்ச அந்தப் பெண்ணுக்கு நீங்க யாரு?"

"எங்கூட்டுக்காரரோட மொதச் சம்சாரமுங்க அவ."

ஜல்லி கொட்டிக்கொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். சங்குண்ணிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "சக்களத்திக்கு வேண்டியா இந்த வழக்கு?" என்றார்.

"சிரிங்க சாமி, நல்லாச் சிரிங்க. அவ பொழச்சிருந்தா நா இந்த ஊட்டுக்கு வந்திருப்பனா? அவ மூட்டுன அடுப்புலதான் நா சோறாக்கித் தின்னேன். அவ பொழங்குன ஊட்டுலதான் எம்பட மூணு புள்ளைகளும் பொறந்துதுக. அவளுது மட்டும் பொறக்காமயே நிக்குது. நா அவளுக்கு யாருன்னா கேக்கறீங்க? ஒறமொறையில அதுக்குப் பேரு இல்லீங்க. ஆனா அவ செத்துத்தான் நா பொழச்சனுங்க. நா கேக்காம வேற யாருங்க கேப்பாங்க?"

சிரித்தவர்கள் மண்வெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சங்குண்ணி குடையை ஒரு கக்கத்தில் இருந்து இன்னொரு கக்கத்துக்கு மாற்றினார். மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "அமிர்தநாதா, நாளை இவிடே தார் விழும். அதுக்கு முன்னால எந்தாந்நு வெச்சால் செய்தோ" என்று, எதுவானாலும் செய்துகொள் என்பதாகச் சொல்லிவிட்டு, தான் எதையும் பார்க்கவில்லை என்பது மாதிரி என் கடைக்கு வந்து உட்கார்ந்துகொண்டார்.

ரோலரைக் கொண்டுவந்து நிறுத்திச் சங்கிலி கட்டினார் அமிர்தநாதன். மாட்டுக்காரர்கள் நின்று பார்த்தார்கள், பிறகு தலைத்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். முந்தைய சந்தையில் பீடி குடித்துத் திட்டு வாங்கியவனும் அதில் ஒருவன். "நம்மளையுந் தூக்க உடுவீங்களாத்தா?" என்று கேட்டான். "நீதான் சாமி தூக்கோணும், வழியில போறவங்க கைதான் படோணும்" என்றாள். மேல்கல்லை முதலில் இறக்கினார்கள். பிறகு ரோலர் உறும, கால்கல் இரண்டும் ஒவ்வொன்றாக மேலே வந்தன. அத்தை இருபதடி தள்ளி, கை இரண்டையும் கட்டிக்கொண்டு நின்றாள். தொடக்கூடாது என்பதற்காக அல்ல, ஓடிப்போய்ப் பிடித்துவிடுவோமோ என்ற பயத்தில் கட்டியிருந்தாள் என்று எனக்குப் பட்டது.

புது ரோட்டின் ஓரத்தில் குழி தோண்டியாயிற்று. எவ்வளவு ஆழம் என்பதில்தான் தகராறு. அமிர்தநாதன் தன் தோளைக் காட்டினார். "உம்பட ஒசரத்துக்கு வெச்சா ஒட்டகந்தான் சுமை எறக்கோணும்" என்று ஒருவன் சொன்னான். கடையில் இருந்து சங்குண்ணி தன் தோளைக் காட்டினார், அதற்கும் சிரித்தார்கள். சுமை தூக்கிப் போகிறவர்களில் பாதிப் பேர் பெண்கள், ஒரு பொம்பளை தோளுக்கு வைப்பதுதான் முறை என்று முடிவானது. அங்கே இருந்த பொம்பளை அத்தை ஒருத்திதான். அவள் கல்லுக்குப் பக்கத்தில் வரமாட்டேன் என்றாள். சரி, நீ அங்கேயே நில் என்று அமிர்தநாதன் ஒரு மூங்கில் கழியை எடுத்துப்போய் அவளுக்குப் பக்கத்தில் ஊன்றி, தோள் உயரத்தில் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டார்.

"தம்பி, சித்தெ நில்லுங்க."

மாமன் குரல். எப்போது வந்தார் என்று யாருக்கும் தெரியாது. வயலில் இருந்து ஏறி வந்திருக்கிறார், காலில் சேறு. கல்லைப் பார்க்கவில்லை, கழியைப் பார்த்தார். அத்தை தோளையும் ஒரு தடவை பார்த்தார்.

"அதுல ஒரு வெரக்கட எறக்கிக்குங்க. அவ இவளவிட ஒரு வெரக்கட கம்மி."

அவள் என்றது கமலாத்தாளை. இருபத்தோரு வருடத்துக்கு முன்னால் வண்டியில் படுத்தபடி போனவளின் தோளை. அத்தை மெதுவாக மாமன் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் என்ன வரப்போகிறது என்று எனக்குப் பயமாக இருந்தது.

"ஏனுங்க, அப்ப இத்தன வருசமும் எங்க ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல நிறுத்தித்தான் பாத்துட்டு இருந்தீங்களா?"

"நா நிறுத்துல புள்ளே" என்றார் மாமன். "அவதான் போகவே இல்ல."

அத்தை கட்டியிருந்த கையை அவிழ்த்தாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். அழுகிறாளா கோபமா என்று சொல்லத் தெரியவில்லை, இரண்டும் இருந்திருக்கும். எந்தப் பெண்டாட்டிக்கு அது வலிக்காது? பிறகு அமிர்தநாதனிடம், "அவ ஒசரத்துக்கே நடு சாமி. சுமையெல்லாம் வெசையா எறங்கி அவ போகட்டும், பாவம்" என்றாள்.

அமிர்தநாதன் கழியில் போட்ட கோட்டைக் கட்டைவிரலால் அழித்துவிட்டு, ஒரு விரற்கடை கீழே வேறு கோடு போட்டார்.